கூடாரத்தில் ஒரு வேற்றுமை உருபு

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் டம்ளரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். நான் அவள் மகளின் நோட்டைப் புரட்டுவதிலேயே இருந்தேன். "முதல்ல டீயைக் குடி, ஆறிடப் போகுது" என்றாள்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 'டீ', இரண்டாவதில் 'டீயை'. அந்த 'ஐ' எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது என்ற கேள்விக்குப் பிறகு வருவோம்.

அக்காவின் கவலை என் கையிலிருந்த நோட்டைப் பற்றியது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து இரண்டு மாதமாக எதையோ எழுதி வருகிறாள். வாய்ப்பாடு மாதிரி வரிசை வரிசையாக இருக்கிறது. எழுத்து தமிழ், படித்தால் தமிழில்லை. என்னவென்று கேட்டதற்கு, "ஒரு பாஷைம்மா" என்றாளாம். யார் பேசுகிற பாஷை? "யாரும் பேசல. நான்தான் செஞ்சிட்டிருக்கேன்." அக்கா குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்: "எல்லாப் பிள்ளைங்களும் செய்யறதுதானாடா இது? இல்ல, யாரையாவது கூட்டிட்டுப் போய்க் காட்டணுமா?"

யாரிடமும் காட்ட வேண்டாம் அக்கா என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். பிறகு ஒரு மணி நேரம் பேசினேன். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதே போன்ற நோட்டு வேறு வீடுகளிலும் இருக்கும். இதே கவலையும் இருக்கும்.

இந்தப் பழக்கத்தின் முதல் படியை நம்மில் பலரும் சின்ன வயதில் ஏறியிருக்கிறோம். அக்காவும் நானும் அம்மாவுக்குத் தெரியக்கூடாத விஷயங்களை 'க' பாஷையில் பேசிக்கொள்வோம். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' சேர்க்க வேண்டும். 'நாளைக்கு வா' என்பது 'கநா களைக் ககு கவா' ஆகிவிடும். வேகமாகப் பேசினால் பெரியவர்களுக்குப் பிடிபடாது. ஆனால் இது தனி மொழியாகாது. 'க'வை உதிர்த்தால் அடியில் முழுசாகத் தமிழ் இருக்கிறது. தமிழுக்குப் போட்ட முகமூடி, அவ்வளவுதான்.

இரண்டாவது படி, சொல்லையே மாற்றுவது. இதற்கு நம் இலக்கணத்தில் குழூஉக்குறி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படித்த உதாரணங்கள் பலருக்கும் ஞாபகம் இருக்கும்: பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். வாக்கியம் தமிழ்தான். ஒரு கூட்டத்துக்குள் மட்டும் சில சொற்களுக்கு வேறு பொருள்.

இதே விளையாட்டை இங்கிலாந்தில் இரண்டு சிறுமிகள் விளையாடினார்கள். அவர்கள் ஜே. ஆர். ஆர். டோல்கீனுடைய அம்மாவின் சகோதரி மகள்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய அதே டோல்கீன்தான். 1892-இல் பிறந்தவர், அப்போது சிறுவன். அந்தப் பெண்கள் தங்கள் பாஷைக்கு 'அனிமாலிக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சாதாரணச் சொற்களுக்குப் பதிலாக மிருகங்கள், பறவைகளின் பெயர்களைப் போட்டுப் பேசுவது அதன் முறை. எண்களுக்கும் அப்படித்தான். அதில் நாற்பதுக்குப் பெயர் கழுதை. அப்படியென்றால் கழுதைக்கு என்ன பெயர்? நாற்பது. யாரையாவது கழுதை என்று திட்ட வேண்டுமானால் நாற்பது என்றால் போதும்.

கொஞ்ச நாளில் அந்தப் பெண்களில் ஒருத்தி 'நெவ்பாஷ்' என்ற இன்னொரு பாஷையைத் தொடங்க, டோல்கீனும் அதில் சேர்ந்துகொண்டார். 'புது உளறல்' என்பது அந்தப் பெயருக்குப் பொருள். ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன் சொற்களை நெளித்து, வளைத்து, சில சமயம் தலைகீழாகத் திருப்பிச் செய்த பாஷை. 'கௌ' என்ற பசுவை எழுத்து மாற்றிப் போட்டால் 'வோக்' ஆகிவிடும். அடுத்து அவர் தனியாக 'நஃபாரின்' என்று ஒன்று செய்து பார்த்தார். அதில் லத்தீன் வாடையும் ஸ்பானிய வாடையும் அடித்தன. இதற்கு மேலே உள்ள படிகளில் கூட வருவதற்கு ஆள் இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள், விளையாட்டை விட்டுவிடுகிறார்கள். விடாதவர்கள் அதை ஒளித்து வைத்துக்கொள்கிறார்கள்.

டோல்கீன் ஒளித்து வைத்திருந்ததை 1931 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டின் பெம்புரோக் கல்லூரியில் ஒரு சொற்பொழிவில் வெளியே சொன்னார். அப்போது அவர் அதே பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியர். 'ஹாபிட்' நாவல் வெளிவர இன்னும் ஆறு வருஷம் இருந்தது. 'ஒரு ரகசியத் தீய பழக்கம்' என்ற தலைப்பில் அந்தச் சொற்பொழிவு 1983-இல்தான் அச்சானது. அதற்குள் அவர் காலமாகிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. அதில் அவர் சொல்லும் ஒரு சின்னச் சம்பவத்துக்காகவே இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன்.

முதல் உலகப்போர்க் காலம். பட்டாளப் பயிற்சி முகாமில் ஈரம் சொட்டும் பெரிய கூடாரம். பழைய ஆட்டுக் கொழுப்பின் நாற்றம். நனைந்து சோர்ந்த சிப்பாய்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, முன்னால் யாரோ பாடம் எடுக்கிறார்கள். டோல்கீனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன உருவம் திடீரென்று, கனவு காண்கிற குரலில், தனக்குத்தானே ஒரு முடிவைச் சொல்லிக்கொள்கிறது: இரண்டாம் வேற்றுமையைச் சொல்லுக்கு முன்னால் ஒட்டிக் காட்டிவிடலாம் என்று.

டோல்கீனுக்கு உடனே விளங்கிவிட்டது: தன்னைப்போல இன்னொருவன்! ஆனால் அந்த மனிதர் மேற்கொண்டு வாய் திறக்கவில்லை. கூச்சம். அவருடைய மொழிக்கு என்ன பெயர், அதில் எத்தனை சொற்கள் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டன. அவர் போரிலிருந்து உயிரோடு திரும்பினாரா என்பதும் டோல்கீனுக்குத் தெரியவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஒரு முடிவு மட்டும்தான்.

இதை அக்காவிடம் சொன்னபோது, "அப்படி என்னடா பெரிய முடிவு அது?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் அந்த 'ஐ' வேண்டும்.

'மழை கல்லைக் கரைத்தது' என்று ஒரு வாக்கியம். கரைத்தது எது, கரைந்தது எது என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. இடத்தை மாற்றிப் பாருங்கள்: 'கல்லை மழை கரைத்தது.' 'கரைத்தது மழை கல்லை.' எப்படிப் புரட்டினாலும் கல்தான் கரைகிறது, ஏனென்றால் கல்லின் வாலில் 'ஐ' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. அங்கே சொல் நிற்கிற இடம்தான் பொருள். இடம் மாறினால் மழையைக் கல் கரைத்துவிடும். நம் கவிஞர்கள் சொற்களை இஷ்டப்படி முன்பின்னாக நிறுத்த முடிகிறது என்றால், இந்த உருபுகள் கொடுத்த தைரியம்தான் காரணம்.

'ஐ' இன்னொரு வேலையும் பார்க்கிறது. 'டீ குடிக்கிறியா?' என்று அக்கா கேட்டபோது எந்த டீ என்று இல்லை. பொதுவாக டீ குடிப்பதைப் பற்றிய கேள்வி. டம்ளர் முன்னால் வந்த பிறகு 'டீயைக் குடி' ஆகிவிட்டது. இப்போது அது அந்த டம்ளரில் இருக்கும் குறிப்பிட்ட டீ. 'பெண் பார்க்கப் போனான்' என்பதற்கும் 'பெண்ணைப் பார்க்கப் போனான்' என்பதற்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள். ஒரே ஓர் உயிரெழுத்து எவ்வளவு சுமக்கிறது! இந்த நுட்பத்தை நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளையும் பிழையில்லாமல் பேசுகிறது.

இவ்வளவு வேலை பார்க்கிற ஓர் உருபை எங்கே வைப்பது? நாம் கடைசியில் வைக்கிறோம். முன்னால் ஒட்டும் மொழிகள் உலகத்தில் குறைவு. முன்னால் வைத்தால் என்ன ஆகும்? கேட்பவருக்கு, என்ன பொருள் என்று தெரிவதற்கு முன்பே, ஏதோ ஒன்றுக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். 'ஐ...' என்றதும் காது தயாராகிவிடும்; என்ன வரப்போகிறது, கல்லா, மரமா? வாக்கியத்தின் தாளமே மாறுகிறது. ஈரக் கூடாரத்தில் அந்த மனிதர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது இந்தத் தாளத்தைத்தான் என்று நான் நம்புகிறேன்.

மொழி செய்கிறவர்களின் வேலை இதுதான். பார்க்கிறவர்கள், சொற்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். 'மழைக்கு ஒரு பேர், கல்லுக்கு ஒரு பேர்' என்று ஆயிரம் சொல் எழுதி, அவற்றைத் தமிழ் வாக்கியத்துக்குள் போட்டால் கிடைப்பது குழூஉக்குறியின் நீட்சி. புதுமொழி பிறப்பது, 'பசிக்கிறது' என்பதை எப்படிச் சொல்லலாம் என்று யோசிக்கும்போது. தமிழில் 'எனக்குப் பசிக்கிறது'. பசி எங்கிருந்தோ என்னிடம் வருகிறது. ஆங்கிலத்தில் நானே பசித்தவனாக இருக்கிறேன். பிரெஞ்சில் பசி என்னிடம் இருக்கிறது. அதை நான் வைத்திருக்கிறேன். நீங்கள் செய்யும் மொழியில் பசி யாருடையது? முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்துவிட்டால் குளிர், பயம், ஆசை எல்லாவற்றையும் அதே வழியில் சொல்கிறீர்களா என்று பார்க்க வேண்டும்.

டோல்கீன் 1911-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். அங்கே கல்லூரி நூலகத்தில் ஃபின்னிஷ் மொழி இலக்கணப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. அந்த மொழியின் ஓசை அவரை மயக்கிவிட்டது. அந்த மயக்கத்தில் பிறந்ததுதான் 'க்வென்யா'. 1915 வாக்கில் அதற்குச் சொற்கோவை எழுதத் தொடங்கினார். க்வென்யாவைத் தமிழர்கள் பார்த்தால் ஏதோ தெரிந்த முகம்போல இருக்கும். அதில் கப்பலுக்குச் சொல் 'கிர்ய'. 'கிர்யஸ்ஸெ' என்றால் கப்பலில். 'கிர்யன்ன' என்றால் கப்பலை நோக்கி. 'கிர்யல்லொ' என்றால் கப்பலிலிருந்து. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் செய்யும் வேலையை இங்கே சொல்லின் பின்னால் ஒட்டும் உருபுகள் செய்கின்றன. ஃபின்னிஷும் அப்படி, தமிழும் அப்படி. உறவு எதுவும் கிடையாது. ஒட்டுகிற முறை ஒன்று.

இன்னும் ஒன்று. நாம் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் பிரிக்கிறோம். எதிரில் இருப்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு இல்லை. ஆங்கிலம் பேசி வளர்ந்த டோல்கீன், தன் க்வென்யாவுக்கு இது வேண்டும் என்று இரண்டு விகுதிகளை உருவாக்கினார். எந்த விகுதி எதற்கு என்று வருஷக்கணக்கில் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டும் இருந்தார். அவர் அவ்வளவு பாடுபட்டு அடைந்ததை நாம் 'நாம போலாமா?', 'நாங்க போறோம்' என்று வாசலில் நின்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

சின்ன வயதில் பர்மிங்ஹாம் பக்கம் ரயில் பாதையோரம் குடியிருந்தபோது, நிலக்கரி வண்டிகளில் எழுதியிருந்த வெல்ஷ் ஊர்ப்பெயர்களை அவர் பார்த்திருந்தார். அந்தப் பெயர்கள் மனத்தில் தங்கின. பிற்காலத்தில் 'சிந்தாரின்' என்ற இன்னொரு மொழியை வெல்ஷ் ஓசையில் செய்தார். அவர் செய்ததிலேயே என்னை அதிகம் வியக்க வைப்பது இதற்கடுத்த காரியம். க்வென்யாவும் சிந்தாரினும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை என்று வைத்து, எந்த ஒலி எப்படித் திரிந்தது என்பதற்கு விதி எழுதினார்.

ஒலி விதி என்றால் என்ன? தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் பத்து, அங்கே ஹத்து. பல், அங்கே ஹல்லு. சொல்லின் தொடக்கத்தில் நம் 'ப' இருக்கும் இடத்தில் கன்னடத்துக்கு 'ஹ'. பழைய கன்னடத்தில் 'ப'தான் இருந்தது. காலப்போக்கில் வரிசையாக மாறியது. இப்படி மாறுவதற்கு நிஜ உலகில் பல நூற்றாண்டுகளும் லட்சக்கணக்கான வாய்களும் தேவை. டோல்கீன் தனியாக மேஜையில் உட்கார்ந்து இதைச் செய்தார். 'சொல்' என்பதற்கு க்வென்யாவில் 'க்வெட்ட', சிந்தாரினில் 'பெத்'. அன்னப்பறவைக்கு அங்கே 'அல்க்வ', இங்கே 'அல்ஃப்'. தாய்மொழியின் 'க்வ' ஒருபக்கம் அப்படியே நிற்க, மறுபக்கம் 'ப'வாகிச் சில இடங்களில் 'ஃப்'வரை போயிருக்கிறது. இரண்டு மொழிகள் பிரிய வேண்டுமானால் இரண்டு கூட்டத்தார் பிரிந்திருக்க வேண்டும். ஏன் பிரிந்தார்கள்? யார் கடல் தாண்டிப் போனார்கள், யார் இந்தக் கரையிலேயே தங்கினார்கள்? கேள்விக்குப் பதில் தேடினால் கதை வருகிறது. மொழிகள் வாழ்வதற்கு ஓர் உலகம் வேண்டும் என்றுதான் கதைகளை எழுதியதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். உலகம் கதையைக் கொண்டாடியது. அவருக்கு வேர் மொழியில் இருந்தது.

அவருக்கு முன்னும் பின்னும் ஆட்கள் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹில்டகார்ட் என்ற கன்னிமடத் தலைவி, தனக்கென்று ஓர் எழுத்து வரிசையும், ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பெயர்ச்சொற்களும் எழுதி வைத்தார். பட்டியல் கடவுளில் தொடங்கிப் பூச்சிகளில் முடிகிறது. சாமன்ஹாஃப் என்ற கண் மருத்துவர் 1887-இல் வெளியிட்ட எஸ்பெராண்டோவுக்கு நோக்கம் வேறு. பல மொழிக்காரர்கள் முறைத்துக்கொண்டு வாழ்ந்த ஊரில் பிறந்தவர் அவர். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று நினைத்தார். அமெரிக்க மொழியியலாளர் சுசெட் ஹேடன் எல்ஜின் 1982-இல் 'லாதன்' மொழியைத் தொடங்கினார். அதில் நீங்கள் சொல்வது கண்ணால் கண்டதா, கேள்விப்பட்டதா என்பதை வாக்கியத்தின் முடிவில் சொல்லியாக வேண்டும். 'வந்தான்' என்பதையும் 'வந்தானாம்' என்பதையும் பிரித்துப் பேசுகிற நமக்கு அதன் அருமை தெரியும்.

டீ மேஜையிலேயே செய்து பார்க்கக்கூடிய மொழி ஒன்று உண்டு. கனடாவில் சோன்யா லாங் 2001-இல் வெளியிட்ட 'டோகி போனா'. மொத்தச் சொற்களே சுமார் நூற்றிருபதுதான். வாழ்க்கை முழுவதையும் இந்தச் சிறு கைப்பிடிக்குள் சொல்லியாக வேண்டும். டீக்குத் தனிச்சொல் இல்லை. 'டெலோ' என்றால் நீர், 'காசி' என்றால் செடிகொடி, 'செலி' என்றால் சூடு. 'டெலோ காசி செலி' என்று டீயைச் சொல்லலாம். நமக்கு அடைமொழி முன்னால் வரும். அந்த மொழியில் பின்னால். 'நீர் செடி சூடு' என்று வரிசை போகிறது. இதை அக்காவிடம் சொன்னபோது எனக்கே ஒன்று உறைத்தது. தேநீர் என்ற நம் சொல்லும் இதே வழியில் செய்ததுதானே! சீனத்திலிருந்து கடல் வழியாக வந்த 'தே'யோடு நம் நீரைச் சேர்த்தோம். யாரோ ஒருவர் அதை முதலில் சொல்லிப் பார்த்திருக்கிறார். சொல் நாக்கில் உட்கார்ந்தது, ஊர் எடுத்துக்கொண்டது.

நம் பக்கத்திலும் ஒரு மொழி பிறந்து திரையரங்கு வரை போனது. 2015-இல் வந்த 'பாகுபலி'யில் காலகேயர்கள் பேசும் 'கிளிக்கி'யை உருவாக்கியவர் மதன் கார்க்கி. அதில் 'மின்' என்றால் நான், அதையே திருப்பி 'நிம்' என்றால் நீ. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் சூத்ர் என்ற இசை ஆசிரியர் டோ, ரே, மி ஸ்வரங்களை மட்டும் வைத்து 'சோல்ரெசோல்' என்றொரு மொழி செய்தார். அதில் 'டோமிசோல்' கடவுள்; திருப்பினால் 'சோல்மிடோ', சாத்தான். பிறகு அந்தச் சிறுமியின் 'வோக்' இருக்கிறது. எங்கெங்கோ, எப்போதோ இருந்தவர்களின் கை தானாக ஒரே வித்தைக்குப் போகிறது.

"சரிடா, இதுக்கெல்லாம் ஏதாவது வேலை கிடைக்குமா?" என்று அக்கா கேட்டாள். கிடைத்திருக்கிறது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்காக டோத்ராக்கி மொழியை உருவாக்கிய டேவிட் பீட்டர்சன், பொழுதுபோக்காக மொழி செய்துகொண்டிருந்தவர்தான். ஒரு போட்டியில் தேர்வாகி அந்த வேலைக்கு வந்தார். ஆனால் இதைச் சொல்லி அக்காவைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை. வேலை கிடைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நோட்டு வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்ல வேண்டியது வேறு. அதை நான் சொல்வதைவிட நோட்டே சொல்லட்டும் என்று அக்காவின் மகளைக் கூப்பிட்டேன்.

முதலில் தயங்கினாள். நான் ஆறாம் பக்கத்தைத் திருப்பி, "இது என்ன அடித்தல் திருத்தல்?" என்று கேட்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மொழியில் 'தோமு' என்றால் வீடு. 'என்' என்பதற்குச் சொல்லின் முன்னால் 'ஆ' ஒட்ட வேண்டும். 'ஆதோமு', என் வீடு. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அவள் வைத்த சொல் 'இனு'. என் அம்மா என்று சொல்லப்போனால் 'ஆஇனு'. "சொல்லவே வரல மாமா. நடுவுல வாய் நிக்குது" என்றாள். பல நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் 'ஆயினு' என்று எழுதியிருக்கிறாள். பூனைக்கு 'உலி'. என் பூனை? 'ஆஉலி' வரவில்லை. இங்கே 'ய' சரிப்படவில்லை என்று 'ஆவுலி' ஆக்கியிருக்கிறாள். ஓரத்தில் ஒரு பெட்டி கட்டி விதியும் எழுதியிருக்கிறாள்: பின்னால் 'இ' வந்தால் 'ய', 'உ' வந்தால் 'வ'.

"இதுக்குப் பேர் என்ன தெரியுமா? உடம்படுமெய்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "பரீட்சைக்குப் படிச்சோமே, அதுவா?"

அதேதான். இரண்டு உயிர் சேரும்போது நடுவில் ஒரு மெய் வந்து உடன்படுத்தி வைக்கிறது. மணி, அடித்தது, மணியடித்தது. பலா, இலை, பலாவிலை. இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள், தன் மொழியில் வாய் தடுக்கிய இடத்தில் அதையே மறுபடி தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு வித்தியாசத்தையும் காட்டினேன். தமிழில் எந்த மெய் வரும் என்பதை முன்னால் நிற்கிற உயிர் தீர்மானிக்கிறது: இ, ஈ, ஐ-க்குப் பின் ய், ஆ-வுக்குப் பின் வ். அதனால்தான் பலாவிலை. அவள் மொழியில் பின்னால் வருகிற உயிர் தீர்மானிக்கிறது. அவள் விதிப்படி அது 'பலாயிலை' ஆகியிருக்கும். இரண்டும் வாய்க்கு ஒத்துவருகிற வழிகள்தான். தமிழ் ஒன்றை எடுத்தது, அவள் மற்றதை எடுத்தாள்.

"அப்ப தமிழும் யோசிச்சுத்தான் எடுத்ததா மாமா?" என்றாள். யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. எத்தனையோ தலைமுறை வாய்கள் சொல்லிச் சொல்லி அங்கே வந்து நின்றன, இலக்கணக்காரர்கள் கவனித்து எழுதி வைத்தார்கள் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாளைக்கு அவள் இலக்கணப் பாடத்தைத் திறக்கும்போது அது வேறு புத்தகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

மொழி செய்கிற பழக்கம் தாய்மொழியிலிருந்து பிள்ளையை எங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: அது நேராகத் தாய்மொழிக்குள்தான் கொண்டுவந்து விடுகிறது. 'டீ'க்கும் 'டீயை'க்கும் நடுவில் இருப்பது என்ன என்று, ஒரு மொழியைச் செய்து பார்க்காமல் எனக்கும் உறைத்திருக்காது. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தவன்.

இப்படி ஒரு நோட்டைத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயங்கள். முதலில் ஒலிகளைத் தேர்ந்தெடுங்கள்; எதையெல்லாம் விடுகிறோம் என்பதில்தான் ஒரு மொழியின் முகம் அமைகிறது. பிறகு பத்துச் சொற்கள் போதும். உடனே வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில்தான் இலக்கணம் தொடங்குகிறது. ஒரு விதியை மாற்றினால் பழைய பக்கங்களுக்குத் திரும்பிப் போய்த் திருத்துங்கள். டோல்கீன் 1973-இல் இறக்கும்வரை க்வென்யாவைத் திருத்திக்கொண்டே இருந்தார். யாரும் அவரைத் திருத்தச் சொல்லவில்லை. பிழை இருந்தால் கண்டுபிடிக்கவும் உலகத்தில் வேறு ஆள் இல்லை. கூடாரத்தில் இருந்த அந்தச் சிப்பாய்க்கும் அப்படித்தான். முன்னால் ஒட்டுவது என்று முடிவெடுத்த பிறகு ஒரு சொல்லில் பின்னால் ஒட்டிவிட்டாலும் அவரைக் கேட்க யார் இருந்தார்கள்? ஆனாலும் எல்லாச் சொல்லிலும் முன்னால்தான் ஒட்டியிருப்பார். பார்வையாளர் இல்லாத இடத்திலும் தான் எழுதிய விதிக்குத் தானே கட்டுப்படுகிற இந்தக் குணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பிள்ளைகளிடம் அது தெரிந்தால் நோட்டைப் பிடுங்காதீர்கள்.

இருட்டுகிற நேரத்தில் அக்கா மறுபடி டீ போட்டாள். மகளுக்கும் ஒரு டம்ளர். அவள் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "பன்மைக்கு முதல் எழுத்தை ரெண்டு தடவை சொல்லலாம்." தோமு, வீடு. தோதோமு, வீடுகள். அப்புறம் 'உலி' என்று எழுதி நிறுத்தினாள். 'உஉலி'. உதடு அசைந்தது. அதை அடித்துவிட்டு 'உவுலி' என்று எழுதினாள். பெட்டிக்குள் போட்டிருந்த பழைய விதி இங்கேயும் தானாகவே வந்து வேலை செய்வதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை அக்காவும் பார்த்தாள்.

பிறகு அவள் நோட்டின் முதல் பக்கத்துக்குப் போனாள். இரண்டு மாதமாக எழுதிய பன்மைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்து, மேலே சின்ன எழுத்தில் புதிதாக எழுதத் தொடங்கினாள்.

அக்கா டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். "எழுது, எழுது" என்றாள். "டீயை மட்டும் குடிச்சிட்டு எழுது."